ஒரே வரியில் இரண்டு முறை

ஜூன் 3, செவ்வாய்

சின்னவள் டைமர் பக்கைப் பிடித்துவிட்டாள். நிறுத்திய பிறகும் எப்போதாவது ஒரு டைமர் தானாக அடிக்குமே, புரோகிராமில் ஒளிந்திருக்கும் அந்தப் பிழை, அதே பக். நான் பல தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘எப்போதாவதுதானே’ என்று ஒதுக்கி வைத்தது. அவள் சாப்பாட்டுக்கு முன் ஆரம்பித்தாள், டீ வருவதற்குள் முடித்துவிட்டாள்.

மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி, “இத்தனை வருஷமா இது யார் கண்ணுலயுமே படலையா?” என்று சிரித்தார். அந்த ‘யார்’ நான்தான். எங்கள் டீம் எழுதும் இந்த புரோகிராம் லைப்ரரியில் பாதி ஃபைல்களின் தலையில் என் பெயர் இருக்கிறது. செல்போன் டவரும் கண்ட்ரோல் சென்டரும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு செய்தியும் நான் சி மொழியில் எழுதிய ஃபங்ஷன்களுக்குள் புகுந்துதான் வெளியே போகிறது. அதற்கெல்லாம் யாரும் சிரித்த முகத்தோடு கைதட்டியதாக ஞாபகம் இல்லை.

இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். என் கொழுந்தன் மனைவி, என் ஓர்ப்படி. அவளுடைய ரெஸ்யூமேயை மேனேஜர் மேஜையில் வைத்ததே நான்தான். “கொஞ்சம் டச் விட்டுப்போச்சு சார், நான் பாத்துக்கறேன்” என்று சிபாரிசு வேறு. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

ஜூன் 5, வியாழன்

அவர்கள் வீடு அடுத்த தெருவில்தான். அதனால் என் காரில்தான் இரண்டு பேரும் ஆபீஸ் போகிறோம். இன்று காரில் சொல்லிவிட்டேன், ஆபீசில் ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிடாதே, நன்றாக இல்லை என்று. “சரிக்கா” என்றாள்.

நாள் முழுக்க ‘மேடம்’. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ரிட்டயர் ஆகப்போகிற தலைமை ஆசிரியையைக் கூப்பிடுகிற மாதிரி.

ஜூன் 9, திங்கள்

மேனேஜர் தனியாக அழைத்தார். வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்களாம். லைப்ரரிக்கு முறைப்படி ஒரு பொறுப்பாளரை மாதக் கடைசியில் அறிவிக்கப் போகிறாராம். எது உள்ளே போக வேண்டும், எது போகக்கூடாது என்பதில் அந்த ஆள் வைத்ததே சட்டம். அதைத்தானே நான் இத்தனை நாளும் பெயர் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன்?

“சந்தோஷம் சார்” என்று எழுந்தேன். “ரெண்டு பேர மனசுல வெச்சிருக்கேன்” என்றார்.

இரண்டு பேர். இன்னொருத்தி யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால்தான் தெரிய வேண்டுமா என்ன!

ஜூன் 10, செவ்வாய்

இன்று அவளிடமிருந்து ஒரு பேட்ச், லைப்ரரியில் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம், வந்திருக்கிறது. எதன் மேல் கை வைத்திருக்கிறாள் தெரியுமா? என் ஹெக்ஸ்டம்ப் மேல்! நான் இந்த லைப்ரரிக்கு முதன்முதலில் எழுதிய ஃபங்ஷன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், “ஏன் மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?” என்றார். கணக்கு வாத்தியாருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். ஒரு செய்தியின் பைட்டுகளைக் கொடுத்தால் மனிதர்கள் படிக்கிற எழுத்தாக மாற்றிக் கொடுப்பதுதான் ஹெக்ஸ்டம்ப். மாற்றியதைத் தன்னிடம் இருக்கும் ஒரே பலகையில் எழுதிக் காட்டும். அடுத்த முறை கூப்பிட்டால் பழையதை அழித்துவிட்டு அதே பலகையில் எழுதும். அதனால், நடந்ததையெல்லாம் புரோகிராம் குறித்து வைக்கிற லாகில் ஒரு வரியில் ஒரு முறைதான் அதைக் கூப்பிட வேண்டும். இரண்டு செய்திகளை ஒரே வரியில் கேட்டால், கடைசியாக எழுதியதுதான் இரண்டு இடத்திலும் தெரியும். டீமில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

“தெரியாதவங்க?”

“தெரிஞ்சுக்கணும்.”

“அதுக்கு ஆளுக்கொரு பலகை குடுத்துடலாமே” என்றார் இவர், தோசையைத் திருப்புகிற அலட்சியத்தோடு.

அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். கூப்பிடுகிறவர் தன் பலகையைத் தானே கொண்டுவர வேண்டும் என்று மாற்றியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 12, வியாழன்

அவளுடைய பேட்சை ரிவ்யூவில் திருப்பி அனுப்பினேன். சில வரிகளில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ். விளக்கக் குறிப்பின் முதல் வரி நீளம்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

ஜூன் 13, வெள்ளி

சரிசெய்து உடனே அனுப்பிவிட்டாள். மறுபடியும் திருப்பினேன். ‘ஒரே பேட்ச் இவ்வளவு பெரிதாக இருக்கக்கூடாது, சின்னச் சின்னதாகப் பிரிக்கவும்.’ திரும்பி வரும்போது காரில், “பிரிச்சா நடுவுல கம்பைல் ஆகாதேக்கா” என்றாள். “யோசிச்சுப் பாரு, வழி இருக்கும்” என்றேன். வழி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

மாமியார் போன். “பாவம், சின்னவ ஆபீஸுக்கும் போயிட்டு வீட்டையும் எப்படிப் பாத்துக்கறா பாரு!”

நான் கல்யாணமான மறு மாதத்திலிருந்து ஆபீசுக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ‘பாவம்’ கூடக் கிடைத்ததில்லை.

“ஆமா அத்தை” என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரித்தும் அனுப்பிவிட்டாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கம்பைல் ஆகி ஓடுகிறது. வழி இருந்திருக்கிறது!

பார்க்க நேரமில்லை என்று கிடப்பில் போட்டேன்.

ஜூன் 18, புதன்

பெரிய வாடிக்கையாளரிடமிருந்து புகார். ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும்போது சில அழைப்புகள் அறுந்துபோகின்றன. எல்லாம் அல்ல, சில மட்டும். இந்த ‘சில மட்டும்’ மாதிரி உயிரை வாங்குகிற வார்த்தை எங்கள் தொழிலில் வேறு கிடையாது.

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “யார் எடுத்துக்கறீங்க?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், “நான்” என்றேன்.

ஜூன் 19, வியாழன்

லாகில் ஒரு வரி சேர்த்தேன். நாம் தயாரித்த செய்தி இது, நம் லைப்ரரியை விட்டு வெளியே போன செய்தி இது, என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்படி. வாடிக்கையாளர் அதை ஓட்டி அனுப்பினார்கள். அறுந்த அழைப்பு ஒவ்வொன்றையும் பார்த்தேன். இரண்டும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாகவே இருக்கின்றன.

நம் பக்கம் சுத்தம். தப்பு அவர்கள் டவரில்தான். எவ்வளவு நிம்மதி!

ஜூன் 20, வெள்ளி

வாடிக்கையாளரோடு மீட்டிங். திரையில் லாகைப் போட்டுக் காட்டி, “நாங்க அனுப்பினது இது, வெளிய போனது இது. எங்க லைப்ரரி ஒரு பைட்டைக்கூடத் தொடல. உங்க டவர்ல இருக்கற சர்க்யூட் கார்டை மாத்திப் பாருங்க” என்றேன். அவர்கள் இன்ஜினியர் தலையை ஆட்டினார். மேனேஜர் மேஜைக்குக் கீழே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தேன். அவள் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரு, நல்லாப் பாரு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழையில் ஆள் ஏற்றி, டவர் டவராகக் கார்டு மாற்றினார்களாம். அழைப்புகள் இன்னமும் அறுகின்றன.

அவர்கள் இன்ஜினியர் எழுதிய மெயிலில் ‘மேடம்’ இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் காரில், சிக்னலில் நிற்கும்போது, “ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே அக்கா?” என்றாள்.

“சொல்லு.”

“மீட்டிங்ல காட்டினீங்களே, அந்த லாக்கு. எல்லா அழைப்புலயும் ரெண்டும் அவ்வளவு சரியா ஒத்துப்போச்சேன்னு உறுத்திக்கிட்டே இருந்துது. நேத்து சாயங்காலம் புரோகிராமை எடுத்துப் பாத்தேன். அந்த வரியில ஹெக்ஸ்டம்ப்பை ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க.”

பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

ஒரே வரியில் இரண்டு முறை. நான் எழுதிய ஃபங்ஷன். நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த விதி. நானே! வெளியே போனது என்னவோ, அதுவேதான் இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கிறது. எப்படிப் போயிருந்தாலும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். அவளுடைய பேட்ச் உள்ளே போயிருந்தால் இந்த வரியை அப்படி எழுதியிருக்கவே முடியாது, எழுதியதைச் சரிபார்த்து ஏற்கும் கம்பைலரே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அது எங்கே கிடக்கிறது? என்னிடம்.

“எனக்குத் தெரியும்” என்றேன். என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. வாய்தான் தெரியும் என்றது.

“சரிக்கா” என்றாள். ஆபீஸ் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

லாகைத் திருத்தி ஓட்டினோம். மத்தியானமே தெரிந்துவிட்டது. செய்தியைப் போட்டு வைக்கும் இடமான பஃபர் விளிம்பு வரை நிறைந்திருந்தால் மட்டும் கடைசி பைட் அறுந்துபோகிறது. ‘குறைவு அல்லது சமம்’ என்று இருக்க வேண்டிய ஒரு ஒப்பீட்டில் ‘சமம்’ விட்டுப்போயிருக்கிறது. இடம் தெரிந்ததும் கால் மணியில் சரிசெய்துவிட்டேன். அந்த வரியையும் எழுதியது நான்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 25, புதன்

மேனேஜர் அறையில் விசாரணை. கதவு சாத்தியிருந்தது. “ரெண்டும் ஒண்ணுன்னு லாக்ல எப்படி வந்துது? கஸ்டமர் முன்னாடி மானம் போச்சு.”

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள், “அந்த ஃபங்ஷன் வாகு அப்படி சார். அவசரத்துல யாரா இருந்தாலும் மாட்டியிருப்பாங்க” என்றாள்.

“அதுக்குத்தான் ஏதோ பேட்ச் போட்டிருக்கேன்னீங்களே, என்னாச்சு?”

என்னை ஒரு முறை பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி சார்.”

ஒரு வேலையும் பாக்கி இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நன்றி தோன்ற வேண்டும், இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. என்னமோ பெருந்தன்மை காட்டறாளாம்! போட்டுக் குடுத்திருந்தா நிம்மதியா வெறுத்திருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல. புரோகிராம் நன்றாக எழுதுகிறாள் என்று பொறாமைப்பட்டது போதாதென்று, இப்போது மனசு நன்றாக இருக்கிறது என்பதற்கும் படவேண்டியிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

அவளுடைய பேட்ச் முழுவதையும் உள்ளே சேர்த்தேன். ஓர் எழுத்து மாற்றவில்லை.

அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். ‘சேர்க்கப்பட்டது’ என்று சிஸ்டமே மெயில் அனுப்பிவிடுகிறது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நான்தான் பொறுப்பாளர். மேனேஜர் எல்லோரையும் கூட்டி அறிவித்தார். “கால் மணியில அந்த பைட்டைப் பிடிச்சாங்க பாருங்க, அனுபவம்னா அனுபவம்தான்.” இந்த முறை கைதட்டினார்கள். சின்னவளும் தட்டினாள், மற்றவர்களை விடக் கொஞ்சம் முன்னதாகவே.

ஜெயித்துவிட்டேன். லிஃப்டில் இறங்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. இவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். கொழுந்தன் துண்டோடு வெளியே வந்து, “அண்ணி, அவ அப்பவே பஸ்ல கிளம்பிட்டாளே, சொல்லலையா?” என்றார்.

ஜூலை 2, புதன்

இவர்தான் சொன்னார். தம்பி சொன்னாராம். எதிர்க் கட்டிடத்து டீமுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். “நேரம் ஒத்து வரலையாம்.”

“அங்கயும் அதே ஒன்பது மணிதானே?” என்றேன்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பிரித்தார். இந்த வீட்டில் கணக்குத் தெரிந்தவர் இவர்தானே.

ஜூலை 4, வெள்ளி

எதிர்க் கட்டிடத்து டீம் லீடர் போன் செய்தார். “மாத்தறதுக்கு முன்னாடி பொறுப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு முறை. ஒளிவு மறைவில்லாம சொல்லுங்க மேடம். ஆள் எப்படி?”

‘கொஞ்சம் ஸ்லோ’ என்று சொன்னால் போதும். அவர் வேண்டாம் என்றுவிடுவார், அவள் என்னிடமே இருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் உறைத்தது, அவள் போகக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போய்த் தொலையட்டும் என்று மாதம் பூராவும் வேண்டிக்கொண்ட நானே!

உண்மையைச் சொன்னேன். எங்கள் எல்லோரையும் விடச் சுத்தமாக எழுதுவாள் என்றேன். யாரும் கண்டுபிடிக்க முடியாத டைமர் பக்கை அரை நாளில் பிடித்தாள் என்றேன். நாங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போன ஒரு பள்ளத்தை அவள்தான் மூடினாள், அடுத்தவர் விழுந்தாலும் ஊருக்குச் சொல்லிக் காட்ட மாட்டாள் என்றேன். பேசிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. இதில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை.

“இவ்வளவு நல்ல ஆளு, உங்களை விட்டுட்டு ஏன் மேடம் இங்க வர்றாங்க?”

“என்னாலதான்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “நல்லா தமாஷ் பண்றீங்க மேடம். அப்ப திங்கட்கிழமையே வரச் சொல்லிடட்டுமா?”

“சொல்லிடுங்க” என்றேன்.