ரத்தம் எடுக்கும் அன்று போட்ட மாத்திரை

ஐதராபாத்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீங்களும் தங்கை கயலும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மாத்திரைப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் எங்கள் லேபில் ஒரு வேடிக்கை. வலிப்பு மாத்திரை சாப்பிடும் ஒருவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மெஷினில் ஏற்றினேன். அது மருந்தை மட்டும் தனியாகப் பிரித்து, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோடு வரையும். அவருடைய கோடு இருக்கவேண்டியதைப் போல் இரண்டு மடங்கு ஏறியது. என் கைத்தவறோ என்று மூன்று முறை ஓட்டினேன். அதே உயரம். ஆளைக் கூப்பிட்டு விசாரித்தால், நம் விழுப்புரத்துக்காரர்.

“ரெண்டு நாளா போட மறந்துட்டேன் மேடம். ரிப்போர்ட்டு நல்லா வரணும்னு காலையில எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் நினைவு வந்தது. பொங்கலுக்கு முன் சிதம்பரத்தில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, “மருந்து அளவு கரெக்டா இருக்குதாம், நீதான் சும்மா பயப்புடுற” என்றீர்கள். அடுத்த வாரமே மஞ்சக்குப்பம் மைதானத்தில் வலிப்பு வந்து விழுந்தீர்கள். நீங்களும் அப்படித்தான் செய்தீர்களா மாமா? கோபப்பட மாட்டேன். விட்டதைச் சேர்த்துப் போடாதீர்கள், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

என் பழுப்பு ஸ்வெட்டரைக் கயலிடம் சொல்லி அனுப்புங்கள். தினமும் மாத்திரை போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், போதும். வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். மிஸ்டு காலை நான் எடுத்துவிட்டால் மட்டும் உடனே வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
சந்திரலேகா