நீ அழித்த பக்கங்கள்

முந்தாநாள் என் மகள் தோழியிடமிருந்து ஒரு டியூட், அச்சடித்த பாடக்குறிப்பு, வாங்கி வந்தாள். கண்டியில் பெரிய மண்டபம் எடுத்து உயர்தர உயிரியல் வகுப்பு நடத்துகிறாரே, அந்த சேருடையது. அட்டையில் கோட்டும் டையுமாக அவர் படம். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு உயிரியலில் என்ன வேலை? சும்மாதான் புரட்டினேன். சுவாசம் என்ற பாடத்தில் கை நின்றுவிட்டது.

"பறித்த கொழுந்தைக் கூடையில் அமுக்கி வைத்துவிட்டு நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சுடும். கிள்ளிய பிறகும் இலை சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் அம்மாவின் கைக்கு இது தெரியும்."

அவருடைய அம்மா எந்த மலையில் கொழுந்து பறித்தார்? கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த மனிதர். அவர் வீட்டுக்குத் தேயிலை கடைப் பக்கெட்டில்தான் வந்திருக்கும். இந்த வரிகள் உன் வகுப்பில் இருந்த ரஞ்சனியுடையவை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவள் பெயர் மட்டும் இப்போதும் இல்லை.

நாவலப்பிட்டிக்கு மேலே நம் தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கிய வருடம் நீ உயிரியல் டீச்சராக வந்தாய். பிள்ளைகள் போனில் தேடினால் இந்தியாவில் எழுதிய குறிப்புகள்தான் வரும். நம் புத்தகம் கலம் என்று சொல்வதை அது செல் என்னும், நம் பிரசாரணம் அங்கே சவ்வூடுபரவல். பரீட்சையில் எதை எழுதுவதென்று தெரியாமல் முழித்தார்கள். "நம்ம புள்ளைங்களுக்கு நம்ம பாஷையில ஒன்னும் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே ஒரு வலைப்பூ தொடங்கினாய். பிறகு அதோடு ஒரு விக்கி. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், யார் எழுதினார் என்பது பக்கத்திலேயே பதிவாகிவிடும் என்று எனக்கு விளக்கினாய். பிள்ளைகளே எழுதினால் பிழை வராதா என்று கேட்டேன். "வரட்டுமே. இன்னொருத்தி திருத்துவா. திருத்துறப்போ அவளுக்குப் பாடம் வந்துரும்ல" என்றாய். அந்த வருடம் பாடப்புத்தகத்திலேயே ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருப்பதை உன் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். லயத்து வீடுகளுக்கு மேலே, சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து ரஞ்சனி அந்தக் கொழுந்து வரிகளை எழுதினாள். நீ அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாய்.

அந்த வரிகள் கண்டி டியூட்டில் முதன்முதலாக வந்தபோது நாம் இருவரும்தான் பஸ் ஏறிப் போனோம். அவர் நமக்குக் கதிரை போட்டார், டீ வரவழைத்தார். நீ கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பக்கத்தின் கீழே பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.

"இன்டர்நெட்ல கிடந்ததுதானே மிஸ். ரோட்டுல கிடந்த மாதிரி" என்று சிரித்தார்.

"ரோட்டுல கிடந்தாலும் யாரோடதுன்னு கேட்டுட்டுத்தான் சேர் எடுக்கணும்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. நான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் உன் மேல் கல்வி அலுவலகத்துக்குப் பெட்டிசம் போனது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அங்கீகாரம் இல்லாத பாடக்குறிப்பு, பிள்ளைகளின் பெயர்களை இணையத்தில் போடுகிறார், சொந்த விளம்பரம். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நீ விக்கியைத் திறந்து காட்டப் போனாய், அவர் பார்க்கவே இல்லை. "பிள்ளைகள் எழுதி பிள்ளைகள் படிக்கிறதென்றால் டீச்சர் எதுக்கு?" என்றார். அன்று நீ பணியவில்லை. அடுத்த நாள் அதிபர் உன்னைக் கூப்பிட்டு, பக்கங்கள் இருந்தால் அதில் பெயர் உள்ள பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் விசாரணைக்கு அழைப்பார்களாம் என்றார். கொழுந்துக்குப் போகிற தாய்மார் ஒரு நாள் வேலையை விட்டு ஆபீசில் வந்து நிற்க வேண்டும் என்பதை உன்னால் தாங்க முடியவில்லை.

ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழித்தாய். ஒவ்வொரு பக்கமாக. ஒவ்வொரு தடவையும் நிச்சயமா என்று திரை கேட்டது. நீ பதில் சொல்வதுபோல உதட்டை அசைத்துக்கொண்டே அழுத்தினாய். யார் முதலில் எழுதினார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போனது. அப்படியும் இடமாற்றம் வந்தது, உயர்தர வகுப்பே இல்லாத ஒரு பாடசாலைக்கு. உன் இடத்துக்கு எவரையும் அனுப்பவில்லை. ரஞ்சனியின் வகுப்பு டீச்சர் இல்லாமலே பரீட்சைக்குப் போனது.

உனக்கு வந்த புற்றுநோய்க்கு இவர்கள் காரணமில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி பிசகவில்லை. ஆனால் உன் செத்த வீட்டுக்கு ரஞ்சனி பல்லேகல கார்மெண்ட் ஆலையிலிருந்து வேலை அட்டையைக் கழற்றாமலே ஓடி வந்தாள். உன் முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், அந்தப் பக்கம் இப்ப தொறந்தா வருமா?"

வராது என்று தலையை ஆட்டினேன்.

இன்று காலை நம் பாடசாலையில் உன் பெயரில் ஒரு கணினி அறை திறந்தார்கள். கணினிகள் கண்டி சேரின் அன்பளிப்பு. விசாரிக்க வந்த அதே அதிகாரி விளக்கேற்றினார். பிள்ளைகளே அறிவை உருவாக்க வேண்டும் என்று அவர் பேசியபோது எனக்குக் காது கூசியது. பிறகு சேர் எழுந்தார். "மிஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம் இருந்துச்சு. ஆனா அவங்க யார் மேலயும் கோபம் வச்சிக்கிறவங்க இல்ல. கடைசியில எல்லாரையும் மன்னிச்சிட்டுத்தான் போனாங்க" என்றார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நன்றியுரை எனக்கு. தமிழ் டீச்சர்தானே எப்போதும்.

கண்டி ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னதை அதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சு வாங்கி, தெளிவாகச் சொன்னாய்: "நான் மன்னிச்சிட்டேன்னு யாராவது வந்து சொல்லுவாங்க. நம்பாதீங்கக்கா."

அதையே சொன்னேன். எழுதிப்போன நன்றியுரையை மடித்து வைத்துவிட்டு, நீ அழித்ததையும், எதற்காக அழித்தாய் என்பதையும், கொழுந்து வரிகள் யாருடையவை என்பதையும் ரஞ்சனியின் பெயரோடு சொன்னேன். கடைசியாக உன் வார்த்தை. அதிபர் எழுந்து வந்து, "இன்னைக்கு வேணாம் டீச்சர்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். தேசிய கீதம் பாடினார்கள். நானும் நேராக நின்றேன். சேர் என்னைக் கடந்து போகும்போது, "பாவம், நல்லா களைச்சுப் போயிட்டீங்க" என்றார். பிறகு எல்லோரும் சிற்றுண்டிக்குப் போனார்கள்.

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. எனக்கும் ஒரு இடமாற்றம் வரும், வரட்டும். உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இனி நீ சாந்தமானவள் என்றுதான் சொல்வார்கள். நீ போகும்வரை கோபமாக இருந்தாய், அதற்கு உனக்கு நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தை நீ என்னிடம்தான் விட்டுப்போனாய். அது இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.