மரக்குழாயில் வைத்த கை

நானுஓயா,
15.7.1957

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

எஸ்தர் எழுதுவது. பலாலி ஆசிரியர் கலாசாலையில் உங்கள் உடம்புக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே அத்தை, சீலன், நான் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதீர்கள்.

மழை விட்டபாடில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கூரை ஒழுகாத மூலையில் நெருக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்து விடுகிறேன்.

தோட்டத்துத் துரைமார் சர்ச்சில் நான்தான் இப்போதும் ஆர்கன் வாசிக்கிறேன். பழைய ஆர்கன், பீரோ அளவுதான். பின்னால் நின்று சோலைமலை துருத்திக் கட்டையை அமுக்கினால்தான் குழாய்களுக்குக் காற்று வரும். பாதிரியார் கேட்பதெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முந்தின ஜெர்மன் கோரல்கள்தான். ஒவ்வொரு அடியின் முடிவிலும் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கிப் போகிற பாட்டுகள். நான் வாசிக்கையில் சீலன் பக்கத்தில் நிற்கும் பெரிய மரக்குழாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான், சங்கீதப் பிள்ளை என்று போன மாதம் எழுதினேன். அதை உங்கள் நண்பர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அத்தான், இனி அதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

சனிக்கிழமை பழகிக்கொண்டிருந்தபோது பாதிப் பாட்டில் சத்தம் இழுத்து இழுத்து நின்றுபோனது. துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது. "உங்க பாட்டு எலிக்கும் ருசிச்சிருச்சு போல, தோலையே தின்னுட்டுப் போயிருச்சுங்கம்மா" என்று சோலைமலை சிரித்தார். பாட்டு நின்றதும் சீலன் வீறிட்டு அழுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் வீரம்மா, "பாருங்க தாயி, பாட்ட நிறுத்துனா எம்புட்டுக் கோவம்" என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சோலைமலை ஒட்டுப் போட்டு முடித்ததும் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, அதே கோரலை முழுச் சத்தத்தில் வாசித்தேன். வீரம்மா திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் மடியில் இருந்த சீலன் ஜன்னல் கண்ணாடியில் ஓடுகிற மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. கீச்சென்று கத்தும் சின்னக் குழாய்களை மட்டும் வாசித்தேன். அப்போதும் திரும்பவில்லை. "புள்ளைக்கு மழை வேடிக்கை, தாயி" என்றாள் வீரம்மா. அவனைத் திரும்பவும் குழாய்ப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். உள்ளங்கையை மரத்தில் வைத்தான். அடிச்சுரத்தை அழுத்தினேன். மரம் அதிர்ந்தது. சிரித்தான்.

அத்தான், அவன் இத்தனை நாளும் பாட்டைக் கையால்தான் வாங்கியிருக்கிறான்.

புதிதாக என்ன பேசுகிறான் என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தீர்கள். மாசியில் வந்த காய்ச்சலுக்கு முன்னால் "ப்பா" என்பான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அதுவும் இல்லை. "உன் மாமனாரு மூணு வயசுலதான் வாயே தொறந்தாரு" என்று அத்தை சொல்வதை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கைதட்டிப் பார்க்கிறேன். தட்டிவிட்டு, அத்தை பார்த்துவிட்டார்களோ என்று பயப்படுகிறேன். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டால் அவன்மேல் ஒட்டிக்கொண்டுவிடும் போல இருக்கிறது.

நேற்று ஆராதனையில் தப்புச் செய்துவிட்டேன். கடைசி அடியைச் சபையார் பாடி முடித்துவிட்டார்கள். சீலன் குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டையிலிருந்து விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாதிரியார் திரும்பிப் பார்த்தார். பின்னால் சோலைமலை துருத்தியை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கொழும்பு பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் இருக்கிறாராம். தனியாகக் கூட்டிப்போகப் பயம், கூட்டிப்போகாமல் இருக்கவும் பயம். அவர் என்ன சொல்வாரோ என்பதை நினைத்தால் இன்னும் பயம். எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள். அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. ஸ்டேஷனிலிருந்து வரும்போது வழக்கம்போல வளைவில் நின்று "சீலா!" என்று கூப்பிடாதீர்கள். அவன் முற்றத்தில் திரும்பி நின்று விளையாடிக்கொண்டிருப்பான். நீங்கள் கூப்பிட்டு அவன் திரும்பாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. சத்தமில்லாமல் சுற்றி வந்து, அவனுக்கு எதிரே குனிந்து, முதலில் முகத்தைக் காட்டுங்கள். அப்பாவை மறக்கவில்லை அவன். ஓடி வருவான்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
எஸ்தர்