பதினேழாம் படுக்கையின் இடது சிறுநீரகம்

அனுப்புநர்
எழுத்தர், தொலைந்த பொருள் பிரிவு,
பேருந்துப் பணிமனை.
(பெண்கள் பிரிவு, பதினேழாம் படுக்கை நோயாளியின் கணவர்)

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மனைவியின் வயிற்றிலிருந்து அகற்றப்படவிருக்கும் கட்டி, அவருடைய இடது சிறுநீரகமாக இருக்கக்கூடும் என்பதால், அறுவையை நிறுத்தி மறுபரிசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சிறுநீரகப் பிரிவின் ஸ்கேன் அறிக்கை (நான்கு மாதங்களுக்கு முன்).
2. தங்கள் பெண்கள் பிரிவின் ஸ்கேன் அறிக்கை (சென்ற வெள்ளி).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். மனதில் பாதி பயம், மீதி சந்தோஷம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரும் என்பது நேற்று மதியம் வரை எனக்குத் தெரியாது.

2. என் மனைவி எங்கள் பணிமனையில் பேருந்து நடத்துநர். நாள் முழுவதும் நின்றே வேலை பார்ப்பவர். நான்கு மாதங்களுக்கு முன் குளிர் காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்புமாகத் தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடி, சிறுநீரகப் பிரிவுக்கு வந்தார். ஸ்கேன் எடுத்து, “வலது சிறுநீரகம் சற்றுச் சிறியது, இடது சிறுநீரகம் அதன் இடத்தில் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்தில் காய்ச்சல் இறங்கியது. நாங்களும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

3. இந்த இடத்தில் என் தவறை நானே ஒப்புக்கொள்கிறேன். ‘காணப்படவில்லை’ என்பதை நான் ‘இல்லை’ என்று படித்துவிட்டேன். வீட்டில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். விளையாட்டாக “ஒத்தக் கிட்னி” என்று மனைவிக்குப் பட்டப்பெயரும் வைத்தேன். என் அக்கா ஒரு படி மேலே போய், “கல்யாணத்துக்கு முன்னாடியே யாருக்காவது குடுத்துட்டாளோ என்னமோ” என்று கேட்டுவைத்தார். அதற்குப் பிறகு பதினோரு நாள் என் அக்காவும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கள் நேரத்தை வீட்டுச் சண்டையில் வீணாக்குவதற்கு மன்னிக்கவும்.

4. சென்ற வாரம் இடது அடிவயிற்றில் வலி தாங்காமல், ஓடும் வண்டியிலேயே கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். இம்முறை நான்காம் மாடி, பெண்கள் பிரிவு. புதிய அட்டை, புதிய எண். மறுபடியும் ஸ்கேன். “இடுப்புக் குழியில் இடப்பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் அளவில் நீர் நிறைந்த கட்டி” என்று அறிக்கை வந்தது. வியாழக்கிழமை அகற்றிவிடலாம் என்றார்கள். பழைய அறிக்கையைக் காட்ட எனக்கும் தோன்றவில்லை, கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை.

5. நேற்று மதியம் மனைவியின் மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக இரண்டு அறிக்கைகளையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஐயா, என் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பதிவேடுகள் உண்டு. ஒன்றில் காணாமல் போனவை, மற்றதில் கண்டெடுக்கப்பட்டவை. ஒருவர் குடையைக் காணோம் என்று எழுதிவைத்துப் போவார். அதே குடை பின்னால் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் பத்தொன்பது வருடமாக எனக்குச் சம்பளம்.

6. அதே ஆள். அதே இடப்பக்கம். ஒரு தாளில் ஒரு சிறுநீரகம் காணவில்லை. இன்னொரு தாளில் இன்னதென்று தெரியாத ஒன்று கிடைத்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் அளவுக்கு எழுந்து நின்று, “கிடைச்சிடுச்சு!” என்று கத்தியேவிட்டேன். வரிசையில் பையைத் தேடி வந்து நின்ற அம்மாள், தன் பைதான் கிடைத்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

7. விடுப்பு கூடச் சொல்லாமல் நேராகத் தங்கள் ஸ்கேன் அறைக்கு ஓடி வந்தேன். அங்கே பணி ஓய்வுக்குச் சில மாதங்களே உள்ள அம்மையார் ஒருவர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “கட்டின்னு நெனச்சுப் பாத்தா கட்டி. கிட்னின்னு நெனச்சுப் பாத்தா கிட்னியேதான். சில பேருக்கு அது மேல ஏறாம இடுப்புலயே தங்கிடும். குழாய் சுருங்கியிருந்தா மூத்திரம் தேங்கி இப்படி ஊதும்” என்றார். “ஆனா எழுத்துல கேக்காதீங்க, அத டாக்டர்தான் சொல்லணும்” என்று எச்சரித்தும் அனுப்பினார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று தனியே கேட்டுக்கொள்கிறேன். அவர் மட்டும் என்னை ‘இன்று போய் நாளை வாருங்கள்’ என்று விரட்டியிருந்தால் இந்த மனுவே இல்லை.

8. வலது சிறுநீரகம் சிறியது என்பது தங்கள் அறிக்கையே சொல்வது. அப்படியானால் இத்தனை காலம் பெரும்பாடு பட்டுவந்தது எது? வியாழக்கிழமை அதை எடுத்துவிட்டால் பிறகு என் மனைவி எதை வைத்துக்கொண்டு வாழ்வார்?

9. எனவே தாங்கள் கருணை கூர்ந்து, வியாழக்கிழமைப் பட்டியலிலிருந்து பதினேழாம் படுக்கையை உடனே நீக்க வேண்டும். இரண்டாம் மாடி மருத்துவரும் நான்காம் மாடி மருத்துவரும் இரண்டு கோப்புகளோடு ஒரே மேசையில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனும், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பரிசோதனையும் செய்ய வேண்டும். அது சிறுநீரகம்தான் என்றால் அடைப்பைச் சரிசெய்து, அதை அங்கேயே இருக்க விட வேண்டும். இடுப்பில் இருந்தால் என்ன, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நான் நினைத்தது தவறு என்றால் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக அவமானப்பட நான் தயார்.

10. கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் ‘கணவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். மனைவி வலியில் கிடந்தார், அவரிடம் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தை இம்மனுவின் வழியே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவைக் கையோடு வாங்கிப்போக வாசலிலேயே நிற்கும்,
(கையெழுத்து)

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 11.40
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

இணைப்பு: அறிக்கை நகல்கள் – 2.

பின்குறிப்பு (நோயாளியின் கைப்பட):
ஐயா, மேலே உள்ளதை என் வீட்டுக்காரர் எனக்குப் படித்துக் காட்டினார். சிரித்ததில் தையல் இல்லாமலே வயிறு வலிக்கிறது. அவர் வேண்டுகோள் வைத்திருக்கிறார். நான் தகவல் தெரிவிக்கிறேன். வியாழக்கிழமை தள்ளுவண்டி வந்தால் நான் ஏற மாட்டேன். ஒப்புதல் படிவத்தை இனிமேல் என்னிடம் கொடுங்கள். முழுவதும் படித்துவிட்டு, வயிற்றுக்குச் சொந்தக்காரி என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன்.
(கையெழுத்து)