மீட்டருக்கு எத்தனை முழம்

அன்புள்ள அக்கா,

உனக்கு அங்கே பனி, எனக்கு இங்கே பணி. பூவத்தில் அப்பா வீட்டிலேயே நமக்காக நடத்தும் பள்ளியில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது ஒரு பல்லி மட்டும். ஜெபத்தின்போது தவறாமல் 'உச்' கொட்டுவதால் அதற்கு உபதேசியார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கல்யாணமாகிப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது, "நீயாவது பள்ளிக்கூடத்துல சேந்துடுடி" என்றாய். அப்பாவிடம் கெஞ்சி, அம்மாவோடு காரைக்காலுக்குப் போய் கான்வென்ட் பள்ளியின் தலைமை மதரைப் பார்த்தேன். பத்தாவதில் சேர்க்கலாமா என்று பார்க்க மதர் கேட்டார்.

"இந்த ரூம் எவ்வளவு நீளம் இருக்கும்?"

"பன்னெண்டு முழம் இருக்கும், மதர்."

"மீட்டர்ல சொல்லும்மா."

"மீட்டருக்கு எத்தனை முழம், மதர்?"

மதர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரியான வாயாடி" என்றார். அக்கா, நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்பா நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே பைபிளை வைத்துத்தானே. நோவாவின் பேழைக்கு மீட்டர் ஏது? அம்மா தலைகுனிந்ததைப் பார்த்ததும் மதரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அஞ்சாவதுல வேணும்னா உக்கார வைக்கிறேன்" என்றார்.

எனக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்பா கோபப்படவே இல்லை. "உலகம் நம்மளப் பாத்துச் சிரிக்கும்னு சொன்னேன்ல?" என்று என் தலையில் கைவைத்து ஜெபித்தார். தம்பிக்கு இனி நான்தான் டீச்சராம். சரிங்கப்பா என்றேன்.

படுக்கும்போது தம்பி, "பள்ளிக்கூடம் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டான்.

நன்றாகவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் வாயாடித் தங்கை