உறவினர் எவரேனும் உண்டா

வேரியா,
5 மார்ச் 2012

அன்புத் தம்பி ஸ்கெண்டருக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இது என்ன புதுக் கூத்து என்று நினைப்பாய். எல்லாம் மாலை வகுப்பு டீச்சர் ஃபோதினியின் உத்தரவு. குடியுரிமை நேர்காணலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கிரேக்க மொழியில் கையால் கடிதம் எழுதிப் பழக வேண்டுமாம். "யாருக்கு டீச்சர் எழுதறது?" என்றேன். "உங்க பிழையைப் பாத்துச் சிரிக்காத ஆளா பாத்து எழுதுங்க" என்றாள். நீ சிரிப்பாய், தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பகலில் பீச் தோட்டத்தில் கவாத்து வேலை. நேர்காணலில் கேட்பார்களே என்று ஆறுகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வெட்டுகிறேன். நேற்று காய்க்கிற கிளை ஒன்றை வெட்டிவிட்டேன். "எந்த ஆத்துல போய்க்கிட்டிருக்க நீ?" என்று முதலாளி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாற்பத்தொன்பது வயதில் பரீட்சை. உனக்கு இந்தத் தொல்லை இல்லை. வந்த புதிதில் மாதாமாதம் உன்னைப் போலீஸ் பஸ்ஸில் ஏற்றி எல்லையில் கொட்டிவிட்டுப் போவார்கள். நீ மலையேறித் திரும்பி வருவாய். "அப்பா பேரு ஹூசேன்னு இருக்கிற வரைக்கும் இவங்க நம்மள விடமாட்டாங்கக்கா" என்று ஒருநாள் அழுதாய். பிறகு எங்கேயோ பொய்த் தாள்களை வாங்கினாய். அல்பேனியாவில் கிரேக்கர்கள் வாழும் கிராமத்தில் பிறந்த கிறிஸ்தோஸின் மகன் அலெக்சாண்ட்ரோஸ் ஆனாய். கிரேக்க வம்சம் என்று பின்னாளில் குடிமகனும் ஆனாய். எனக்கு மனசு வரவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். உன் கல்யாணத்தில்கூட 'ஒன்றுவிட்ட அக்கா'வாகக் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். குறை சொல்லவில்லை. ஆட்டுக்கறி நன்றாகவே இருந்தது.

உன் மனைவி ஸ்தவ்ரூலாவுக்கும் மகள் குட்டி கதெரீனாவுக்கும் என் முத்தங்கள். குட்டி என்ன குட்டி, இப்போது உன் உயரம் இருப்பாள்.

உன் அக்கா,
புகுரியே

*

பாத்ரா,
19 மார்ச் 2012

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். எழுத்தில் பிழை அதிகம் இல்லை. இருப்பவற்றைத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் விஷயத்தில்தான் பெரிய பிழை. பழைய கதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்? வீட்டுக்கு வரும் தபாலைப் பிரிப்பது ஸ்தவ்ரூலாதான். நல்ல வேளை, அன்று நான் வீட்டில் இருந்தேன். இனிமேல் கடை முகவரிக்கே எழுது. உறையின் மேல் ஸ்கெண்டர் என்று எழுதாதே. உள்ளேயும் வேண்டாமே.

கோபித்துக்கொள்ளாதே. பதினேழு வயதில் என்னை மலை தாண்டிக் கூட்டி வந்தவள் நீதான், மறக்கவில்லை. நேர்காணல் அன்று கடையை மூடிவிட்டு வந்து வாசலில் நிற்பேன். தேறி வெளியே வந்ததும் முதலில் என்னைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாய்.

அன்புடன்,
அலெக்கோஸ்

*

வேரியா,
23 அக்டோபர் 2012

அன்புத் தம்பிக்கு,

நேர்காணல் முடிந்தது. வாசலில் உன்னைத் தேடினேன். வேன் பழுது என்ற உன் செய்தியை அப்புறம்தான் பார்த்தேன். போகட்டும்.

குழுவின் தலைவி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆறு, மலை, கொடி எல்லாம் ஓடியது. பிறகு, இத்தாலியின் படையெடுப்பை எதிர்த்து நின்றதைக் கொண்டாடும் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி விழாவுக்கு வந்தார்.

"இத்தாலிக்காரங்க எந்தப் பக்கமா வந்தாங்க?"

"எங்க அல்பேனியா வழியாத்தான் மேடம். ஆனா எங்களைக் கேட்டுட்டு வரல."

கண்ணாடி அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது. "இந்த நாட்டுல பிடிப்பு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும், சும்மா வாய மூடிக்கிட்டு நிக்காதீங்க" என்று ஃபோதினி வேறு ஓதி அனுப்பியிருந்தாள்.

"உறவினர் எவரேனும் கிரேக்கக் குடிமக்களா இருக்காங்களா?"

"என் தம்பி இருக்கான் மேடம். பாத்ராவுல அலுமினிய ஜன்னல் கடை. அலெக்சாண்ட்ரோஸ்."

தம்பி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெருமையாகச் சொன்னேன். "அவரோட அப்பா பேரு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அப்பா பெயர் இல்லாமல் இந்த நாட்டில் எந்தத் தாளும் நகராது என்று தெரிந்தும் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். ஹூசேன் என்று சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். கிறிஸ்தோஸ் என்று சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். "அவனையே கேட்டுக்கோங்க மேடம்" என்று சமாளித்தேன். குறித்துக்கொண்டார்கள். உனக்குக் கடிதம் வருமாம், நீ எழுத்தில் பதில் தர வேண்டுமாம்.

பஸ்ஸில் வரும்போது ஒரு வழி தோன்றியது. ஒரே தாய், வேறு வேறு தகப்பன் என்று எழுதிவிடு. அம்மாவுக்குக் கெட்ட பெயர்தான். ஆனால் அம்மா இருந்திருந்தால் அவளே எழுதச் சொல்லியிருப்பாள். நீ தப்பிப்பாய், நானும் தேறுவேன். உடனே பதில் போடு.

உன் அக்கா

*

பாத்ரா,
2 நவம்பர் 2012

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்! குழுவின் கடிதம் வந்துவிட்டது.

நீ சொல்லும் வழி நடக்காது. என் தாள்களில் அம்மா பெயரும் ஹதிஜே இல்லை. எலேனி என்று இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் சந்தேகம் வரும் என்று விற்றவன் சொன்னான். நீ தாங்கமாட்டாய் என்று அப்போது உன்னிடம் மறைத்தேன்.

கதெரீனா ராணுவ அதிகாரிகள் பள்ளிக்கு முயற்சி செய்கிறாள். குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். ஸ்தவ்ரூலாவுக்கு இன்று வரை ஒன்றும் தெரியாது. இந்த நேரத்தில் நீ போன் செய்யாதே, எழுதவும் செய்யாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு ஒரு கெடுதலும் வராது. என்னை நம்பு.

அ.

*

வேரியா,
11 பிப்ரவரி 2013

ஸ்கெண்டர்,

நம்பினேன். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். உறவினர் பற்றிப் பொய் சொன்னேன் என்பதுதான் காரணம். மற்றபடி எல்லாக் கேள்விக்கும் நல்ல மதிப்பெண்.

கோப்பைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று ஃபோதினி கூட்டிப்போனாள். உன் பதிலைப் படித்தேன். "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. என் வீட்டைத் துடைக்க வந்த அல்பேனியப் பெண்களில் ஒருத்தியாக இருக்கலாம். என்னைத் தம்பி என்று சொல்லி ஆதாயம் தேடுகிறாள்." ஃபோதினிக்கு என் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நான் அங்கேயே அழுதேன்.

தெரியாது என்பதோடு நிறுத்தியிருந்தால் பயத்தில் எழுதினான் என்று விட்டிருப்பேன். ஆதாயம் தேடுகிறாள் என்று யாரடா எழுதச் சொன்னது? கல்யாணத்தில் நீயே வைத்த உறவு இருந்ததே, ஒன்றுவிட்ட அக்கா. அதை எழுதியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? அம்மாவின் பெயரையே அழித்தவன், நான் எம்மாத்திரம்? நீ எனக்குச் செய்தது துரோகம். வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ஃபோதினி சொல்லி, நாம் பிறந்த லுஷ்னியாவின் நகராட்சியிலிருந்து நம் குடும்பச் சான்றிதழை வரவழைத்துவிட்டேன். ஹூசேன், ஹதிஜே, புகுரியே, ஸ்கெண்டர், எல்லோரும் அதில் இருக்கிறோம். "இந்த ஒரு தாளைக் காட்டுங்க. நீங்க ஜெயிச்சிருவீங்க. அந்த ஆளு எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்கிறாள்.

மேல்முறையீட்டுக்கு மே மாதம் கூப்பிடுகிறார்கள். அதற்குள் குழுவுக்கு ஒரு வரி எழுது. அக்கா என்றுகூட வேண்டாம். தூரத்து உறவு, அவள் பொய் சொல்லவில்லை என்று எழுது, போதும். காத்திருக்கிறேன்.

புகுரியே

*

வேரியா,
30 மே 2013

திரு. அலெக்சாண்ட்ரோஸ் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து எனக்கும் பதில் வரவில்லை, குழுவுக்கும் வரவில்லை. கவலையில் இருப்பீர்கள் என்பதால் நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

அதே கண்ணாடி அம்மாள்தான். "போன தடவை ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். சான்றிதழ் என் பையில் இருந்தது. கை பையின் மேல்தான் இருந்தது. எடுத்து வைத்திருந்தால் உங்கள் கடையும் பாஸ்போர்ட்டும் உங்கள் மகளின் பள்ளியும் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் மேல் உள்ள பாசத்தால் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

"எங்க பக்கத்துல வேண்டியவங்க எல்லாரையும் தம்பி, அண்ணன்னுதான் மேடம் கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். தப்புதான்" என்றேன்.

"எங்க கிராமத்துலயும் இதே கதைதான்" என்று ஓரத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். கண்ணாடி அம்மாள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன புரிந்ததோ, பேனாவை எடுத்துக்கொண்டார்.

"அப்போ இப்ப சரியாச் சொல்லுங்க. இந்த நாட்டுல உங்களுக்கு உறவினர் எவரேனும் உண்டா?"

"இல்லை மேடம். யாரும் இல்லை."

தேறிவிட்டேன். வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு தடுமாறாமல் நான் பதில் சொன்னதில்லை. உங்களுக்கு இனி ஒரு பயமும் வேண்டாம்.

இப்படிக்கு,
புகுரியே