மட்டமாக ஓடிய கோடு

ஜனவரி 9, வியாழன்
இன்று ஆம்புலன்சில் மார்க்கும் நானும்தான் வேலை. ட்வெய்ட்டா கடைத்தொகுதி வாசலில், பனிக்குள் ஒரு தமிழர் விழுந்து கிடந்தார். ஞானசேகரம். இதயம் நின்றிருந்தது. வழியில் போன ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நான் தொண்டைக்குள் குழாய் விட்டேன், மார்க் காற்றுப் பையை அமுக்கினான். குழாயின் உட்புறம் நீராவி படிந்தது. சரியாகப் போய்விட்டது என்றேன்.

குழாயில் பொருத்திய மூச்சளக்கும் கருவியின் திரையில் கோடு மட்டமாகவே ஓடியது. நுரையீரலிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியே வந்தால் அது குன்று குன்றாக எழ வேண்டும். "குளிர், கருவி உறைஞ்சு போச்சு" என்றேன். இங்கே அதுவும் நடப்பதுதான்.

அவருடைய மனைவி விமலாதேவி என் தமிழ் முகத்தைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, மூச்சுப் போகுதோ?"

"ஓம் அன்ரி, போகுது."

மார்க் கருவியைக் கழற்றித் தன் வாயால் ஊதினான். அழகான குன்று ஒன்று எழுந்தது.

கருவியில் பழுதில்லை; குழாய்தான் இரைப்பையில் இருந்தது. உருவி எடுத்து மறுபடி விட்டேன். குன்றுகள் வந்தன. ஆம்புலன்சில் இதயமும் துடிக்கத் தொடங்கியது.

ஜனவரி 10
நித்திரை இல்லை. அவ்வளவு நேரமும் காற்று வயிற்றுக்குத்தானே போனது? மூளை என்ன ஆகியிருக்கும்? போகுது எண்டு ஏன் சொன்னனான்? பொய் சொல்ல நினைக்கவில்லை. நம்பித்தான் சொன்னேன் — அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 13
பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "அந்த நீராவியைப் பார்த்து நானும்தான் நம்பினேன், சாருகா" என்றான் மார்க். நல்லவன். ஞானசேகரம் இன்னும் கண் திறக்கவில்லையாம்.

ஜனவரி 18, சனி
தமிழ்க் கடைகள் இருக்கும் குறொன்லாண்ட் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை எங்கள் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். அன்ரியைக் கண்டால்? கறிவேப்பிலை இல்லாமல் பருப்பு. வாயில் வைக்க முடியவில்லை.

ஜனவரி 30
இன்று மறுபடி ஒருவருக்குக் குழாய். திரையை மட்டும் பார்த்தேன். முதல் குன்று வரும்வரை எனக்கு உயிரே இல்லை.

பெப்ரவரி 22, சனி
கறிவேப்பிலைக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன். குறொன்லாண்ட் கடைக்குள், முதுகுக்குப் பின்னால், "பிள்ளை!" ஓட இடமில்லை.

"அன்ரி, அண்டைக்கு நான் போகுது எண்டது பிழை."

"தெரியும். ஆஸ்பத்திரியிலை சொன்னவை. எனக்கு உங்களிலை சரியான கோவம்." என் கையை விடவில்லை. "இப்ப வாங்கோ."

தெருவோரம் அவர்களின் கார். கண்ணாடி முழுக்க உட்புறம் நீராவி. நீராவியை நான் இனி நம்புவதில்லை. தட்டினேன். கண்ணாடி இறங்கியது; உள்ளே இருந்த ஞானசேகரம் அன்ரியைப் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு கறிவேப்பிலைக்கு இவ்வளவு நேரமோ?"